பையனைப் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

போன மாதம் உடன்குடி பஜாரில் ஒரு டீக்கடையில் இரண்டு பேர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார், இன்னொருவர் கருப்பட்டி வியாபாரி. சண்டை வரப்புக்காகவோ கொடுக்கல் வாங்கலுக்காகவோ இல்லை. தேரிக்காட்டு ஓரத்து ஊரில் கபடி ஆடும் ஒரு பதினேழு வயதுப் பையனை எந்தக் கல்லூரி எடுக்கப் போகிறது என்பதற்காக.

"உம்ம காலேஜுக்காரனுக்கு ஆள் பார்க்கத் தெரியுமாவே? போன வருசம் எடுத்தவன்லாம் எடைதான் இருக்கான், கால் நகரல்லை."

"எங்க மாஸ்டர் ரெண்டு நாள் ராத்திரி முழுக்க உக்காந்து பார்த்துட்டுப் போயிருக்காருவே. பையன் எங்களுக்குத்தான். வேணும்னா எழுதி வச்சுக்கிடும்."

'எங்களுக்கு' என்று அவர் சொன்ன கல்லூரியை விட்டு அவர் வெளியே வந்து நாற்பது வருடம் ஆகிறது. மற்றவர் கதையும் அதேதான். நான் இடையில் புகுந்து, "பையன் பேர் என்ன?" என்று கேட்டேன். ஒருவர் "அந்த லெஃப்ட் ரெய்டர்" என்றார். இன்னொருவர் "பனையேறி மகன்" என்றார். பெயர் இருவருக்கும் தெரியவில்லை. என்ன பாடம் எடுத்துப் படிக்கப் போகிறான் என்று கேட்டேன். இருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். ஆனால் அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான். இதே சண்டையை இதே பஜாரில் நானும் போட்டிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுப் பிறகு மற்றவர்களைத் திட்டுவதுதான் நியாயம்.

1990-களில் நான் தபால் துறையில் இருந்தேன். நம் பக்கத்தில் அப்போது கபடிக்குப் பெரிய மவுசு. கோயில் கொடை முடிந்த கையோடு மின்னொளிப் போட்டி வைப்பார்கள். சவுக்குக் கம்பில் டியூப் லைட்டைக் கட்டி, மண்ணில் தண்ணீர் தெளித்து, கயிறு கட்டிவிட்டால் மைதானம் தயார். விடிய விடிய ஆட்டம் நடக்கும். 1990-ல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடியைச் சேர்த்தார்கள். 1994-ல் ஹிரோஷிமா போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் நம் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடினார். 1995-க்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊருக்கும் தன் ஊரிலும் ஒரு கணேசன் இருக்கிறான் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நம்பிக்கையில் தப்பு ஒன்றும் இல்லை.

எங்களுக்கும் 1997-ல் ஒரு பையன் கிடைத்தான். இடது கார்னரில் நிற்பான். ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டும் கணம் வரை அசையவே மாட்டான். நீட்டினால் கணுக்கால் அவன் கையில் இருக்கும். அப்படி ஒரு பிடி. நான் படித்த கல்லூரிக்கு அவனைச் சேர்த்துவிட வேண்டும் என்று நான் துடித்தேன். என் நண்பர் ஒருவர் தான் படித்த கல்லூரிக்குக் கொண்டுபோகத் துடித்தார். அவர் விடுதி இலவசம் என்றார். நான் விடுதியோடு ஷூவும் என்றேன். அவர் பையனின் மாமாவைப் பிடித்தார். நான் அப்பாவைப் பிடித்தேன். கடைசியில் நான் ஜெயித்தேன். அன்று தபால் நிலையத்தில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். பையனை பி.ஏ. வரலாற்றில் போட்டார்கள். வரலாறு அவனுக்குப் பிடிக்குமா என்று கல்லூரியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று வருடம் எங்கள் கல்லூரி கோப்பைகளாக அள்ளியது. பேப்பரில் படம் வரும்போதெல்லாம் வெட்டி ஒட்டி வைப்பேன். இரண்டாம் வருடம் பல்கலைக்கழக அணிக்கான தேர்வு நடந்த அதே வாரத்தில், பக்கத்து மாவட்டத்தில் ஒரு சுழற்கோப்பைப் போட்டி. ரொக்கப் பரிசும் உண்டு. கல்லூரி அவனைச் சுழற்கோப்பைக்கு அனுப்பியது. நாங்கள் வேன் பிடித்துப் போய்க் கைதட்டினோம். தேர்வைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் நினைப்பு இல்லை.

மூன்றாம் வருடம் முழங்கால் போனது. பிடித்த ரெய்டர் திமிறித் திரும்பியபோது இவன் கால் ஊன்றியபடியே இருந்துவிட்டது. உள்ளே சவ்வு கிழிந்திருந்தது. அதற்கு ஆபரேஷனும், பிறகு பல மாதப் பயிற்சியும் வேண்டும். கிடைத்தது என்னவோ நாட்டு வைத்தியரின் எண்ணெய்க் கட்டு. ஆட முடியாது என்று தெரிந்த மறுமாதம் விடுதியில் இருந்து மெஸ் பில் வந்தது. அரியர் 11 பாடம். போட்டிக்குப் போன நாளுக்கெல்லாம் வருகைப் பதிவு கொடுத்தார்கள். நடத்தாமல் விட்ட பாடத்தை யாரும் நடத்தவில்லை.

2001-ல் ஒரு நாள் அவன் தபால் நிலையத்துக்கு வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே 23 சான்றிதழ்கள். "அண்ணாச்சி, உங்க டிபார்ட்மெண்ட்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்காமே" என்றான். இருந்தது. பிளஸ் டூ படித்திருந்ததால் மனு போடத் தகுதியும் இருந்தது. அன்றைக்குத்தான் அந்த விதியை முதல்முறையாக எடுத்துப் படித்தேன்.

மத்திய அரசு வேலைக்கு விளையாட்டுச் சான்று எப்படி இருக்க வேண்டும் என்று 1980-ம் ஆண்டு உத்தரவு ஒன்று சொல்கிறது. தனித்தனிப் படிவங்கள். நாட்டுக்காக ஆடினால் படிவம் 1. தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடினால் படிவம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடினால் படிவம் 3. பள்ளிகளுக்கான தேசியப் போட்டியில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடினால் படிவம் 4. கல்லூரிக்காக ஆடியதற்குப் படிவம் கிடையாது. சுழற்கோப்பைக்கும் கிடையாது. மின்னொளிப் போட்டியில் 'சிறந்த பிடி வீரர்' என்று கொடுத்த கேடயத்துக்கும் கிடையாது. அந்த 23 சான்றிதழில் ஒன்றுகூட உதவவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது படிவம் 3. அதற்கான வாசல் எந்த வாரம் திறந்திருந்ததோ அந்த வாரம்தான் நாங்கள் வேனில் கூச்சல் போட்டுக்கொண்டு போனோம்.

அவன் ஃபைலை மூடிக்கொண்டு "பரவாயில்லை அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் சேர்ந்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். மழைக்காலத்தில் கால் வலிக்குமாம்.

இவ்வளவும் எழுதக் காரணம், அந்தக் கல்லூரியைத் தூற்றுவதற்கு இல்லை. அதன் பெயரை நான் சொல்லப் போவதும் இல்லை. ரசிகர்களாகிய நம்மைத்தான் சொல்கிறேன். கல்லூரிக்குக் கோப்பை வேண்டும். உடற்கல்வி இயக்குநருக்கு அது வேலை. நமக்கு என்ன வேண்டும்? டீக்கடையில் நாலு பேர் முன்னால் "நான் சொன்னேன்லா" என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பனையேறி மகனின் முழங்கால் போதுமானதாக இருக்கிறது. மேலப்பாளையம் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவன்கூட மாட்டுக்குத் தீவனம் என்ன, கொட்டகை எங்கே என்று யோசித்துவிட்டுத்தான் பிடிக்கிறான்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். 'எங்க காலேஜ், உங்க காலேஜ்' என்ற பேச்சுக்கு அடியில் பல சமயம் 'எங்க ஆளு, உங்க ஆளு' என்ற பேச்சு ஓடுகிறது. எந்தக் கல்லூரி யார் நடத்துவது, பையன் எந்தத் தெரு, பனியனில் என்ன நிறம் என்பதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் கட்சி கட்டுகிறோம். 2025-ல் மாரி செல்வராஜ் எடுத்த 'பைசன் காளமாடன்' படம் மணத்தி கணேசன் வாழ்க்கையைத் தழுவியது. நம் பக்கத்தில் எத்தனையோ பேர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டு வெளியே வந்து அடுத்த ஆட்டத்தில், "இந்தப் பையன் யாரு வீட்டு ஆளு?" என்று கேட்டவர்களை நானே பார்த்தேன்.

இனி நண்பர்கள் என்னிடம் சொல்லும் சமாதானங்களுக்கு வருகிறேன்.

முதல் சமாதானம்: "கோட்டா இல்லேன்னா அந்தப் பையன் காலேஜ் வாசலையே மிதிச்சிருக்க மாட்டான்." உண்மை. கோட்டாவை நான் எதிர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் ஒதுக்குகிறார்கள். மாநில அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது. கபடியால் படித்து, போலீசிலும் ரயில்வேயிலும் மின்வாரியத்திலும் சேர்ந்து, தங்கைகளைக் கட்டிக் கொடுத்து, வீடு கட்டியவர்கள் நம் பக்கத்தில் உண்டு. அதனால்தான் சொல்கிறேன், வாசலை மிதிக்க வைத்தால் மட்டும் போதாது. எந்தப் போட்டி கணக்கில் வரும், எது வராது என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். சேர்த்துவிட்டவனுக்கு அந்தக் கடமை உண்டு. நான் செய்யவில்லை.

இரண்டாவது சமாதானம்: "நல்ல ஆளுன்னா எப்படியும் மேல வந்துருவான்." இதைச் சொல்கிறவர்களுக்கு ஆள் பார்ப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று தெரியவில்லை. புரோ கபடி 2014-ல் தொடங்கியபோது அதிக விலைக்குப் போனவர் ராகேஷ் குமார், 12.80 லட்சம். 2022-ல் நம் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுவதும் ஆடவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர் இல்லாமலே தலைவாஸ் அந்த வருடம்தான் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. ஏலத்தில் யாரும் பேசாத புது இளைஞன் நரேந்தர்தான் ரெய்டில் அணியைத் தூக்கி நிறுத்தினான். கோடிக்கணக்கில் பணமும் வீடியோவும் நிபுணர்களும் வைத்திருப்பவர்களுக்கே இதுதான் கதி. டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டு ராத்திரி பார்த்துவிட்டு நாம் ஜாதகம் கணிக்கிறோம். செராவத்துக்கு ஒப்பந்தம் இருந்தது, மருத்துவர் இருந்தார், அடுத்த வருடம் ஏலத்தில் அதைவிட அதிக விலைக்குப் போனார். நம் பையனுக்கு எண்ணெய்க் கட்டும் மெஸ் பில்லும்தான்.

மூன்றாவது சமாதானம்: "உலகம் பூரா ரசிகன் இப்படித்தான் இருப்பான்." இருப்பான்தான். சில வருடம் முன்பு டெக்சாஸில் மகன் வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். அங்கே கல்லூரிக் கால்பந்து ஒரு மதம் மாதிரி. நம் கால்பந்து இல்லை, முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவது. ஒரு கல்லூரி மைதானத்தில் லட்சம் பேர் உட்காருகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பையனுக்கே ஐந்து நட்சத்திரம், நாலு நட்சத்திரம் என்று மார்க் போடுகிறார்கள். அவன் எந்தக் கல்லூரிக்குக் கையெழுத்துப் போடுகிறான் என்று ஊரே காத்திருக்கிறது. பக்கத்து வீட்டில் புருஷன் ஒரு கல்லூரி, பெண்டாட்டி இன்னொரு கல்லூரி. வாசலில் இரண்டு கொடி. நம் பஜார் சண்டை அதன் பக்கத்தில் நிற்காது.

அங்கேயும் கணிப்பு பொய்த்ததுண்டு. டாம் பிராடி என்பவரை 2000-ம் ஆண்டு தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது அவருக்கு முன்னால் 198 பேரை எடுத்துவிட்டார்கள். பிறகு அவர் ஏழு முறை சாம்பியன் ஆனார். அங்கேயும் பையன்களைச் சுரண்டியதுண்டு. கல்லூரிகள் கோடி கோடியாகச் சம்பாதித்தன, ஆடியவனுக்குப் படிப்புச் செலவைத் தவிரக் காசு கொடுக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். 2021-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், படிப்பு சம்பந்தமான உதவிக்குக்கூட வரம்பு வைத்தது தவறு என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை அவர்களிடம் இருந்து நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே படிப்பில் குறிப்பிட்ட அளவு தேறாவிட்டால் பையன் மைதானத்தில் இறங்க முடியாது. அணியின் படிப்பு நிலை மொத்தமாகக் குறைந்தால் அணிக்கே தண்டனை. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி 2011-ல் தேசியக் கோப்பை வென்றது. இரண்டே வருடத்தில், 2013-ல், மாணவர்களின் படிப்பு மோசமாக இருந்தது என்ற காரணத்துக்காக அதே அணியை தேசியப் போட்டியில் ஆட விடவில்லை. கோப்பை வென்ற அணியையே வீட்டில் உட்கார வைத்தார்கள். நம் கல்லூரிகளில் கோப்பை வென்ற அணியில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று யாராவது கணக்குச் சொல்லியிருக்கிறார்களா? நாம்தான் கேட்டிருக்கிறோமா?

நம் ஊர்க் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சீனி கலந்ததா என்று உடைத்துப் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து வாங்கத் தெரிந்த ஊர் இது. கல்லூரிக்காரர் வந்து சொல்லும் வாக்கை மட்டும் உடைத்துப் பார்க்காமல் வாங்கிவிடுகிறோம்.

ஆகவே என் வயதுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தெருவில் ஒரு பையனைக் கேட்டு யாராவது வந்தால், கட்சி கட்டுவதற்கு முன் இதையெல்லாம் கேளுங்கள்.

சேர்க்கை, விடுதி, சாப்பாடு இலவசம் என்றால் அதைக் கல்லூரித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்களா? அடிபட்டு ஆட முடியாமல் போனாலும் படிப்பு முடியும்வரை அந்தச் சலுகை தொடரும் என்று அதில் இருக்குமா?

அடிபட்டால் ஆபரேஷன் செலவு யாருடையது? காப்பீடு எடுத்திருக்கிறார்களா?

பல்கலைக்கழகத் தேர்வும் மாநிலத் தேர்வும் வரும் வாரத்தில் வேறு எந்தப் போட்டிக்கும் அனுப்ப மாட்டோம் என்று வாக்குத் தருவார்களா?

போட்டிக்குப் போன நாட்களின் பாடத்தை யார், எப்போது நடத்துவார்கள்?

போன ஐந்து வருடத்தில் இதே கோட்டாவில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்? அவர்களில் இரண்டு பேரை நேரில் பார்க்கலாமா?

நல்ல உடற்கல்வி இயக்குநர்கள் இருக்கிறார்கள். தன் சம்பளத்தில் பையனுக்கு முட்டை வாங்கிக் கொடுத்து, தேர்வுக் கட்டணம் கட்டியவர்களை நான் அறிவேன். அவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். கோபப்படுகிறவரிடம் பையனை அனுப்ப வேண்டாம், அது நீங்கள் படித்த கல்லூரியாக இருந்தாலும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தேரிக்காட்டுப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இங்கே எழுத மாட்டேன். பிளஸ் டூவில் வணிகவியல் படிக்கிறான், கணக்குப் பதிவியலில் நல்ல மார்க். பி.காம். படிக்க வேண்டுமாம். இரண்டு கல்லூரிக்காரர்களுமே அவனிடம் அதைக் கேட்கவில்லை. மேலே சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதி அவன் அப்பாவிடம் கொடுத்தேன். அந்தப் படிவங்களையும் விளக்கினேன். பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தாத்தா, நீங்க எந்தக் காலேஜுக்காக வந்திருக்கீங்க?" என்றான். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கேட்டது அவன் தப்பில்லை. அவன் வீட்டுக்கு வந்த பெரியவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கல்லூரிக்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

டீக்கடைக்காரர்கள் இருவரும் இப்போது என்னோடு பேசுவதில்லை. அந்தக் கேள்விகளால் பையன் கை நழுவிப் போய்விடுவான் என்று அவர்களுக்கு வருத்தம். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். பரவாயில்லை. பையனுக்கு முதலில் அந்தக் கடிதம் கையெழுத்தோடு வரட்டும். டீ நான் வாங்கிக் கொடுக்கிறேன்.